கனிஷ்காவுக்குப் புதுக் காலு

— ஏனுங்க்கா, நீங்க மட்டும் வந்து நிக்கறீங்க? மகாராணி எங்க?

— அவ... பள்ளிக்கோடம் போயிட்டாளுங்க டாக்டரம்மா.

— ஐயோ சித்ராக்கா, எத்தன வாட்டி சொல்றது, நான் டாக்டர் இல்லீங்க. செயற்கைக் காலு, கையி செய்யறதுல மேல்படிப்பு படிக்கறேன். தேவின்னே கூப்புடுங்க.

— எங்களுக்கு நீதான் டாக்டரு சாமி. நீ செஞ்ச காலுலதான எம் புள்ள ஓடுனா...

— அது எங்க சார்கூட நின்னு செஞ்சது. இந்த வாட்டி நானே தனியாச் செய்யோணும். அதான் கடைசிப் பரிச்சையே! வெளியூரு சாருங்க முன்னால கனிஷ்கா நடக்கோணும். அவ நடந்தா நான் பாஸு.

— நல்லாப் பாஸ் பண்ணுவ கண்ணு.

— அதுக்கு அவ வரோணுமே! இருங்க, இருங்க... முழுப்பரிச்ச லீவு உட்டாச்சே. என்ன பள்ளிக்கோடம்?

— இல்ல... ஆட்டையாம்பட்டியில மாமன் ஊட்டுக்கு...

— பொய்யி சொல்லத் தெரியுதா பாரு உங்களுக்கு! எம் மேல கோவமா அவளுக்கு? மார்கழியில மெட்ராஸ் ட்ரெய்னிங் போனவ, அவகிட்டச் சொல்லாமயே போயிட்டேன்.

— கோவமெல்லாம் இல்லீங்க. உம் மேல உசுரு அவளுக்கு.

— சரி, கட்டப்பையில என்ன, காலா? குடுங்க... என்னக்கா இது, கார்த்திகையில குடுத்தாப்புலயே இருக்குது? மொதக் கால தீவாளிக்குள்ள தேச்சுப்போட்டு வந்து நின்னவ. இதப் போடறதே இல்லியா?

— நாந்தான் டெய்லி தொடச்சு வெக்கறேன்...

— தொடச்சு வெக்கறதுக்கா காலு? ஆரும் கேலி பண்றாங்களா? உள்ளதச் சொல்லுங்க.

— அதில்ல சாமி... பத்தாமப் போயிருக்கும். வளர்ற புள்ள. அதான், இத்தன நீளத்துக்குப் புதுசா ஒண்ணு... இந்தா, நாடாவுல முடிச்சுப் போட்டுக் கொண்டாந்தேன்.

— நல்லாருக்குது போங்க! ரவிக்கைக்கு அளவு குடுக்கறாப்புல! மீதிக் காலு மேல மாவுக்கட்டு சுத்தி அச்சு எடுக்கோணும்க்கா. ஆளு இல்லாம ஆவாது.

— பழய அச்சவே கொஞ்சம் பெருசாப் பண்ணக் கூடாதா?

— துளி பெசகுனாலும் புண்ணாயிருமுங்க. சரி, முட்டிலருந்து குதிங்காலு வரைக்கும் இத்தனையா? அவ நல்ல காலுல அளந்தீங்களா?

— பக்கத்தூட்டு நிகிதா காலுல... கூடப் படிச்ச புள்ள. ரெண்டு பேரும் ஒரே ஒசரம்.

— அடக் கடவுளே! அவ இருக்கறப்ப அடுத்த புள்ள காலு எதுக்கு? அக்கா... எதுக்கு இப்ப அழுவறீங்க?

— புண்ணாவாது கண்ணு. நீ செஞ்சு மட்டும் குடு...

— என்னையப் பாருங்க. கனிஷ்கா எங்க?

— தை மாசம் காய்ச்சல்ல போயிட்டா சாமி. படிக்கற புள்ள மனசக் கெடுக்க வேண்டாம்னு உங்கிட்டச் சொல்லுல... ஆடி பதினெட்டுக்கு அவளுக்குத் துணி வெச்சுக் கும்புடோணும். வளந்திருப்பாளேன்னு பாவாட கூட ரெண்டு விரக்கட நீட்டியே எடுத்துட்டேன். இந்தப் பத்தாத காலோட எம் புள்ள எப்பிடி ஊடு வந்து சேருவா, சொல்லு?