வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவ

— நாலு நாளா போன் பண்றேன் நட்சுகி. எடுக்கவே மாட்டேங்கறே. அதான் நகோயாவுலேர்ந்து ரயிலேறி வந்துட்டேன்.

— வேலை மிஹோ அண்ணி, என்னவோ தலைக்கு மேல வேலை. இரோஹா எப்படி இருக்கா?

— ஆஸ்பத்திரியில இருக்கா. குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தாங்க. பூரா புண்ணு. கிரோன் நோயாம்.

— கிரோனா? இரோஹாவுக்கா?

— ஒன்பது வயசுப் புள்ள. சோத்தைத் தள்ளுவா, மணிக்கட்டைக் கடிப்பா, சுவத்துல முட்டுவா. ஆட்டிசம் இருந்தா இப்படித்தான்னு ரெண்டு வருஷம் விட்டுட்டோம். வலிச்சிருக்கு அவளுக்கு.

— உங்க தப்பில்ல, அண்ணி.

— டாக்டரும் அதான் சொன்னாரு. சில மரபணு ஆட்டிசத்துலயும் இருக்காம், இந்தக் குடல் நோய்லயும் இருக்காம். இருந்தா வந்தே தீரும்னு இல்லையாம். குடும்பத்துல வேற யாருக்காவது குடல் நோய் இருக்கான்னு கேட்டாரு. உங்கண்ணன் பட்டுனு இல்லன்னுட்டாரு. சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்கல.

— அப்புறம் சொல்லிட்டானா?

— கார்ல. உனக்கும் இதே நோய் பத்தொன்பது வயசுலயே வந்துச்சாமே. பதினொரு வருஷமா உங்க வீட்டு மருமக நான். புத்தாண்டு விருந்துல வெறும் ஊதோன் நூடுல்ஸைத் தின்னுட்டு, இளைக்கணும்னு சிரிப்பே. நானும் நம்பினேன்.

— அம்மாதான் வெளிய சொல்லாதேன்னாங்க.

— உங்கம்மா என்னைச் சொல்லாததா? நான் வேலைக்குப் போனதுல புள்ளைக்குப் பேச்சு வரலையாம். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாதாம். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?

— உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல. அண்ணி, ஏப்ரல்ல கல்யாணம். என்னவோ இதுவரைக்கும் யூஸாகுகிட்ட சொல்லவே முடியல. இப்ப வெளிய வந்தா, எனக்குப் பொறக்கறதும் இரோஹா மாதிரி இருக்கும்னு பேசுவாங்க. தரையில நெத்தி வெச்சுக் கேக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க.

— இரோஹா மாதிரின்னா, எந்த மாதிரி?

— மன்னிச்சிடுங்க. அப்படிச் சொல்ல வரல.

— சரி விடு. அவ அப்பாவோட தங்கச்சிக்கும் இருக்குன்னு டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுவேன். உன் கல்யாணத்துல நான் கல்லு போட மாட்டேன்.

— அப்ப இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க? திட்டத்தானே?

— திட்டத்தான் கிளம்பினேன். காலையில உடம்புப் படம் ஒண்ணைக் காட்டி, எங்கடா வலிக்குதுன்னு கேட்டேன். என் கையைப் புடிச்சு வாசலுக்கு இழுக்கறா. அம்மா எனக்கே புரியல. நீ பன்னண்டு வருஷமா அந்த வலியோட இருக்கே. அது எப்படி இருக்கும் நட்சுகி? என்ன பண்ணினா கொஞ்சம் அடங்கும்?

— வலது பக்கம், அடிவயித்துல, துணியைப் பிழியற மாதிரி. மல்லாக்கப் படுக்க வெக்காதீங்க. ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கி... வாயால சொன்னா வராது அண்ணி. நானும் வர்றேன்.

— யூஸாகு கேட்டா என்ன சொல்லுவே?

— அவரையும் நேரா ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்றேன். இரோஹாவைப் பார்க்காம அவரு என்னைக் கட்டிக்க வேணாம்.