ஏரி மீனின் ஈரல்

அரூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த காலேஜ் வாத்தியார், பக்கத்தில் இருந்த ஏரிக்கரை ஊர்க்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னார்:

"சோதனைக்கு நீங்க குடுத்த ஏரி மீனோட ஈரல் அருமையா இருக்குதுங்க."

"பட்டறைச் சாயத்தண்ணி எங்க ஏரியிலதான சார் வுழுவுது?"

"தண்ணியில விஷமிருந்தா மீனு ஈரல்ல தெரிஞ்சிரும். சோதிச்சிட்டோம். ஏரி சுத்தம்னு ரிப்போர்ட்டும் அனுப்பியாச்சு."



"சார், ஏரி மீனு சாய நாத்தம் அடிக்குமுங்க. படிச்சவங்களுக்கு அதை எப்படிக் குடுக்கறது? உங்களுக்குன்னு டேமுக்குப் போயி நல்ல மீனா வாங்கியாந்தேனுங்க."

"அப்ப ஏரியில புடிச்ச மீனு?"

"அதை வூட்டுல கொழம்பு வெச்சிட்டமுங்க."