சுண்ணாம்புக் குழி டவர்

வேல்முருகன் கெளம்பிட்டானா? வண்டி சத்தம் அடங்கிடுச்சா?... சரி. அப்ப சொல்றேன். அவன் இருக்கும்போது இதப் பேசுறதில்ல. நடந்தது அவனோட சின்னம்மா புள்ளைங்களுக்கு. அந்த மெழுகுவர்த்திய கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க, காத்து அடிக்குது.

நேரம்... மத்தியானம் பன்னெண்டு. ராத்திரி இல்லீங்க, பட்டப்பகல். ரெண்டாயிரத்து ஆறு, மே மாசம், கத்திரி வெயில். அரியலூர் தாண்டி மெயின் ரோட்ட வுட்டு இறங்கினா ஒரு வெள்ளை ரோடு. தாரு கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடி ஓடி மாவாப் போன மண்ணு. ரெண்டு பக்கமும் கல்லு வெட்டி முடிச்சுப் போட்ட குழி... அம்பது அறுபது அடி இருக்கும். அடியில பச்சையா தண்ணி. ஆடு மேய்க்கிறவன்கூட அந்த நேரத்துக்கு அங்க நிக்க மாட்டான். ரோடு முடியற எடத்துல ஒரு செல்போன் டவரு. டவருக்குக் கீழ ஒரு தகர ரூமு. உள்ள மெஷினு, பேட்டரி. ஜன்னல் கெடையாது. ஒரே ஒரு கதவு.

முன்னாடி ஒவ்வொரு டவருக்கும் ஒரு வாட்ச்மேன் இருந்தாரு. இதுக்கு பெரியசாமின்னு ஒருத்தர். அந்த வருஷம் சித்திரையில டவர் பாத்துக்கிற கான்ட்ராக்ட் கம்பெனி எல்லா வாட்ச்மேனையும் நிறுத்திட்டு, ரூமுக்கு ஒரு அலாரம் பொட்டி வச்சாங்க. கதவு திறந்தா சொல்லும். கரண்டு போனா சொல்லும். உள்ள எத்தன டிகிரி சூடுன்னு நிமிஷத்துக்கு ஒருவாட்டி சொல்லும். எல்லாம் பெரம்பலூர் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்ல வரி வரியா வந்து விழும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்காந்திருந்தவதான் பிரவீணா. வேல்முருகனோட சின்னம்மா மக. குரும்பலூர்ப் பொண்ணு. டிப்ளமோ முடிச்ச கையோட வேலை. அவ அண்ணன் குழந்தைவேல் அதே கம்பெனில டெக்னீஷியன், டவர் டவரா பைக்ல போறவன். இவளுக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவன்தான். அப்பா இல்லாத வூடு. அம்மா வேம்பு, இதுங்க ரெண்டு பேரு, அவ்வளவுதான். ஆவணியில அவனுக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க.

புது மெஷின்ல ஒரு வசதி. அலாரம் வந்தா யாரும் போன் பண்ண வேண்டியதில்ல. அதுவே ஒரு கம்ப்ளைன்ட் நம்பர் போடும், அதுவே அந்த ஏரியா டெக்னீஷியனுக்கு மெசேஜ் அனுப்பும். ரெண்டு மணி நேரத்துல அவன் போய்ப் பாக்கலேன்னா அதுவே மெட்ராஸ் பெரிய ஆபீஸுக்குச் சொல்லிடும். நடுவுல நிறுத்த இங்க இருக்கிற யாராலயும் முடியாது. எந்த டவருக்கு யாரு நம்பர்ங்கிற லிஸ்ட்ட அடிச்சது பிரவீணா. அரியலூர்ப் பக்கத்து டவர்ல பாதிக்கு அண்ணன் நம்பரத்தான் போட்டா. எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கட்டும், வெயில்ல ரொம்ப அலைய வேணாமேன்னு.

திங்கக்கெழம. பன்னெண்டு மணி ஏழு நிமிஷம். சுண்ணாம்புக் குழி டவர்... ‘டோர் ஓப்பன்.’ நாப்பது செகண்டு கழிச்சு... ‘டோர் குளோஸ்.’

குழந்தைவேலுக்கு மெசேஜ் போச்சு. போய்ப் பாத்தான். பூட்டு பூட்டுன மேனிக்குத் தொங்குது. திறந்தான், உள்ள எல்லாம் சரி. ஏதோ ஒயர் லூசுன்னு நெனச்சு இறுக்கிட்டு வந்துட்டான்.

செவ்வாக்கெழம... பன்னெண்டு ஏழு. அதே மாதிரி. கதவு சுவிட்ச்ச மாத்திட்டு வந்தான். புதன்கெழமையும் விடல. அன்னிக்கு ராத்திரி சோத்துல கை வச்சுக்கிட்டே சொன்னான், “பாப்பா, அந்த ரூம்ல ஒரு வாசம் வருதுடி. சுண்ணாம்புக்கல்லுல தண்ணி ஊத்தினா பொங்குமே... அந்த வாசம். மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு. எங்கேர்ந்து வருதுன்னு தெரியல.”

தங்கச்சிய அவன் பாப்பான்னுதான் கூப்பிடுவான்.

வியாழக்கெழமையும் வந்துச்சு. அவளுக்குப் பொறுக்கல. மேனேஜர் தர்மன்கிட்ட போயி, “சார், அந்த ஒரு அலாரத்த மட்டும் நிறுத்திடலாங்களா? தெனம் அண்ணன் வெட்டியா போயிட்டு வருது”ன்னா.

“எனக்கே அதுல பவர் இல்லம்மா. மெட்ராஸ்லதான் நிறுத்தணும். மெயில் போட்டிருக்கேன். அதுவரைக்கும் மெஷின் சொன்னா போய்த்தான் ஆகணும்.”

வெள்ளிக்கெழம.

அன்னிக்குக் குழந்தைவேல் முன்கூட்டியே கெளம்பிட்டான். மெசேஜ் வர்றதுக்கு முன்ன அங்க நிக்கணும், கண்ணால பாத்துடணும்னு. பன்னெண்டுக்கு டவர் வாசல்ல நின்னுக்கிட்டு தங்கச்சிக்குப் போன் போட்டான்.

“வந்துட்டேன் பாப்பா. கரண்டு கூட இல்ல. எட்டுன தூரத்துக்கு ஒரு காக்கா இல்ல. நீ ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே இரு, நான் பூட்டப் பாத்துக்கிட்டே நிக்கிறேன்.”

அவ பாத்துக்கிட்டே இருந்தா. பன்னெண்டு அஞ்சு... ஆறு... ஏழு.

‘டோர் ஓப்பன்.’

“அண்ணே, திறந்துட்டியா?”

“இல்லயே. சாவி பாக்கெட்லதான் இருக்கு. பூட்டு அப்படியே இருக்கு.”

“இங்க ஓப்பன்னு காட்டுது.”

போன்ல காத்து சத்தம் மட்டும். அப்புறம் மெதுவா... “பாப்பா, உள்ள நடக்குற சத்தம் கேக்குது.”

“வேணாம்ணே. வந்துடு. நான் மேனேஜர்கிட்ட சொல்லிக்கிறேன். கும்புட்டுக் கேக்குறேன், பைக்க எடு.”

“திருடனா இருந்தா? பேட்டரி போச்சுன்னா என் சம்பளத்துலதான் புடிப்பான். இரு.”

சாவி திரும்புற சத்தம் அவளுக்குக் கேட்டுச்சு. கடக். தாழ்ப்பாள் இழுபடுது. கதவு கிரீச்... அப்புறம் மூச்சு மட்டும். அவ அண்ணே அண்ணேங்குறா.

அப்ப அவன் சொன்னான். சாதாரணமா, வூட்டுல பேசுற மாதிரி...

“பாப்பா... நீ எப்ப இங்க வந்தே?”

போன் கட்டாயிடுச்சு.

ஸ்கிரீன்ல ‘டோர் குளோஸ்.’

அவ மறுபடி மறுபடி போட்டா. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுது. டவருக்குக் கீழ நிக்கிறவன் எல்லைக்கு வெளிய எப்படிப் போவான்? இந்தப் பக்கம் சூட்டுக் கணக்கு இறங்குது. நாப்பத்தொண்ணு இருந்தது... முப்பத்தி மூணு. அடுத்த நிமிஷம் இருபத்தி நாலு. அப்புறம் பதினாறு. கரண்டு இல்ல, ஏசி ஓடல. ஒம்போதுல வந்து நின்னுடுச்சு.

அல்தாபுக்குப் போன் போட்டா. லப்பைக்குடிக்காட்டுப் பையன், குழந்தைவேலோட சேக்காளி, அவனும் டெக்னீஷியன்தான். அன்னிக்கு ஜும்மாவுக்காக அரியலூர்ல நின்னிருந்தான். அவ அழுத அழுகையில தொழுகைய வுட்டுட்டு வண்டிய எடுத்துட்டான்.

முக்கா மணி நேரம். அவளால என்ன பண்ண முடியும்? முப்பது மைலுக்கு அந்தாண்ட அண்ணன் இருக்கான். இவ முன்னாடி ஒம்போது, ஒம்போது, ஒம்போதுன்னு வரி விழுது. ஸ்கிரீனையே கையால தடவிக்கிட்டு இருந்தாளாம்.

அல்தாப் கூப்பிட்டான். “பிரவீணா, பைக் நிக்குது. ஹெல்மெட் ஹேண்டில்ல தொங்குது. ஆளக் காணோம். ரூம் பூட்டிதான் கெடக்கு. எங்கிட்ட வேற சாவி இருக்கு, திறக்குறேன்... பிஸ்மில்லாஹ்... ம், திறந்துட்டேன். உள்ள யாரும் இல்லம்மா.”

பிரவீணா ஸ்கிரீனப் பாத்தா. கதவு திறந்ததாவே காட்டல.

“அல்தாப்ணே, நெசமா திறந்துட்டீங்களா?”

“நான் உள்ளதான் நிக்கிறேன்.”

“நல்லாத் திறந்து வச்சிருக்கீங்களா?”

“சுவத்துல முட்ட விரியத் திறந்து வச்சிருக்கேன். ஏன்?”

“ஸ்கிரீன்ல மூடிதான் இருக்கு... உள்ள குளுருதாண்ணே?”

“குளுரா? அனல் அடிக்குது. சட்டை நனைஞ்சு ஒட்டுது.”

மூடித் திறக்கச் சொன்னா. திறந்து மூடச் சொன்னா. நாலு தடவ செஞ்சான். அவ ஸ்கிரீன்ல அந்தக் கதவு அசையவே இல்ல. கதவு மூடி, ஒம்போது டிகிரி. அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சது. அல்தாப் நிக்கிறது வேற ரூமு. மெஷின் பாத்துக்கிட்டு இருக்கிறது வேற ரூமு. அண்ணன் இருக்கிறது... அந்த ரூம்ல.

போலீஸ் வந்துச்சு. குழியில விழுந்திருப்பான்னு தீயணைப்புக்காரங்க ரெண்டு நாளு தண்ணியில தேடுனாங்க. செருப்புகூட கெடைக்கல. பழைய வாட்ச்மேன் பெரியசாமியத் தேடி ஆத்தாளும் மகளும் போனாங்க. அவரு, “உச்சி நேரத்துல நான் அந்த ரூமுக்குள்ள இருந்ததே இல்ல தாயி”ன்னாரு. “சாப்பாட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துடுவேன். உள்ளேர்ந்து என் சம்சாரம் கூப்பிடுவா. அவ செத்து ஆறு வருஷம் ஆச்சு.”

“இத ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?”ன்னு வேம்பு மாரடிச்சுக் கேட்டுச்சு.

“சொன்னேம்மா. கம்பெனிக்காரங்க சிரிச்சாங்க. இனிமே ஆளே வேணாம், பொட்டி பாத்துக்கும்னாங்க.”

அலாரம் பொட்டிதான் கோளாறுன்னு சொல்லி, தர்மன் அதக் கழட்டிட்டு வரச் சொன்னாரு. அல்தாப் கழட்டிக் கொண்டாந்து பிரவீணா மேசைக்குக் கீழ வச்சான். ஒயர் கெடையாது, கரண்டு கெடையாது, வெறும் தகர டப்பா. ஆனா ஸ்கிரீன்ல அந்த டவரோட வரி நிக்கல. கதவு மூடி. ஒம்போது டிகிரி. கம்ப்ளைன்ட்டுக்கு நேரா, ‘டெக்னீஷியன் குழந்தைவேல், வேலை எடத்துல இருக்காரு’ன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு.

பதினோரு நாளு அந்தப் புள்ள வூட்டுப் பக்கமே போகல, அந்த நாற்காலியே கதி. வேல்முருகன்தான் சோறு கொண்டு போயி குடுப்பான். ராத்திரி கீபோர்டு மேலயே தலைய வச்சுப் படுத்துக்கும். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தரு ஆபீஸுக்குக் கீழ மருந்துக்கடைக்கு வருவாரு. ஓடிப் போயி அவர் கையப் புடிச்சுக்கிட்டு, “சார், ஒம்போது டிகிரில ஒரு மனுஷன் உசுரோட இருக்கலாம்ல சார்? போர்வை இல்ல. எத்தன நாளு தாங்கும்?”னு கேட்டிருக்கு.

பன்னெண்டாம் நாளு மெட்ராஸ்லேர்ந்து ஒரு என்ஜினியர் வந்தாரு. நல்ல மனுஷன்தான், கோவப்படல. ஒரு கம்ப்ளைன்ட் முடியாம நிக்கிறதால மொத்த மாவட்டத்துக்கும் ரிப்போர்ட் கெட்டுப்போகுதாம். அந்த டவரையே லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துட்டு, புது பொட்டி வச்சு புது பேர்ல சேக்கப் போறாராம்.

பிரவீணா அவர் கால்ல விழுந்துட்டா. “எடுக்காதீங்க சார். எங்க அண்ணன் இன்னும் உள்ள இருக்கு சார். இது ஒண்ணுதான் சார் இருக்கு.”

அவரு குனிஞ்சு தூக்கி உக்கார வச்சாரு. தண்ணி குடுத்தாரு. “இங்க பாரும்மா, பொட்டி உன் காலடியில கெடக்கு. இது கம்ப்யூட்டர்ல தங்கிப்போன பழைய வரி. இதப் பாத்துப் பாத்து உன் ஒடம்பக் கெடுத்துக்காத”ன்னு சொல்லிட்டு மவுஸ எடுத்தாரு.

அந்த டவரோட பக்கத்த ஸ்கிரீன்ல திறந்தாரு. பொட்டிக்கு முப்பத்திரண்டு துவாரம் உண்டு. அதுல எட்டுலதான் ஒயர் மாட்டியிருப்பாங்க. கதவு, கரண்டு, பேட்டரி, இந்த மாதிரி. மிச்சமெல்லாம் வெறுமனே. ஸ்கிரீன்ல அதுக்கெல்லாம் பேர் கூட இல்லாம சாம்பக் கலர்ல கட்டம் கட்டமா இருக்கும்.

பதினேழாவது கட்டம் செவப்பாச்சு.

அணைஞ்சுது. மறுபடி செவப்பு. அணைஞ்சுது. மறுபடியும் செவப்பு... மூணு தடவ. கொஞ்சம் நின்னுச்சு. திரும்ப மூணு தடவ. நின்னுச்சு.

“சார்...” அவ ஸ்கிரீனத் தொட்டுக் காட்டுனா. “சார், தட்டுது சார். உள்ளேர்ந்து தட்டுது.”

என்ஜினியர் பாத்தாரு. அவருக்கும் முகம் வெளுத்துப் போச்சாம். அல்தாப் பின்னாடி நின்னு கண்ணால பாத்து எங்கிட்ட சொன்னது. ஆனா அவரு எடுக்குற பட்டனத் தட்டிட்டாரு. நிச்சயமா எடுத்துடலாமான்னு மெஷின் ஒரு கேள்வி கேட்டுச்சு. அந்தக் கேள்வி ஸ்கிரீன்ல நிக்கிறப்ப, பின்னாடி அந்தச் செவப்புக் கட்டம்... இப்ப மூணு மூணா இல்ல. எண்ண முடியல. படபடபடன்னு ரெண்டு கையாலயும் அடிக்கிற மாதிரி.

பிரவீணா அவர் கைய எட்டிப் புடிக்கிறதுக்குள்ள, அவரு ஆமான்னு அழுத்திட்டாரு.