உஹுரு ஓட்டல்

முதல்ல என்னைக் கெடுத்தது உங்கப்பன் கிராகுதான். வெள்ளைக்காரன்லாம் அப்புறந்தான். உன்னை உக்காரச் சொல்லல, நின்னுக்கிட்டே பேசு.

என்னது? உஹுரு வந்து பத்து வருஷ விழாவா? உங்க ஓட்டல்ல ஆடு சுடுவீங்க, நான் நாற்காலியில உக்காந்து உஹுருன்னா என்னன்னு ஊருக்குச் சொல்லணுமா? உங்கப்பனே சொல்லட்டுமே. போர்டுல சிவப்பு பெயிண்ட்ல அவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்கான்ல?

சரி, கேட்டுக்கோ. சுதந்திரம்னு அர்த்தம். எனக்கு அது ரெண்டு பல்லு. இந்தா பாரு, ஓட்டை. சந்தையில அந்த வார்த்தையைச் சொன்னேன்னு துப்பாக்கிக் கட்டையால இடிச்சது உங்கப்பன். அப்ப வெள்ளைக்காரனோட ஊர்க்காவல் படையில இருந்தான். அவனே பிடிச்சும் குடுத்தான். அஞ்சு வருஷம் முகாம்ல கல்லு உடைச்சேன். திரும்பி வந்து பாத்தா என் நிலம் அவன் பேர்ல. நாங்க உள்ள கெடந்தப்ப அளந்து பட்டா போட்டுட்டானுங்க. அப்புறம் கொடி ஏத்துன அன்னிக்கு உஹுரு, உஹுருன்னு தொண்டை கிழியக் கத்துனவனும் அவன்தான்.

நிலத்துக்காக முறைக்கிறேன்னு நெனைக்கிறியா? போடா.

மழை விழுந்தா உங்க ஓட்டல் முற்றத்துல வரிசையா லில்லி முளைக்குதே, அது எங்கப்பன் நட்ட எல்லைச் செடிடா. அதைப் பிடுங்குனா குடும்பம் அழியும்னு உங்கப்பனுக்கும் பயம். அதான் வேரைத் தொடாம மேல மட்டும் வெட்டுறான். வெட்ட வெட்ட வருது.

கல்லாப்பெட்டி இருக்குற எடத்துல மட்டும் வராது. அங்க சிமெண்ட் போட்டுட்டான். அதுக்குக் கீழதான் என் பொண்ணு கெடக்கா.

ஆமா, பொண்ணு. ஒனக்குத் தெரியாதா? நான் முகாம்ல இருந்தப்ப பொறந்தா. நியாகியோன்னு எங்கம்மா பேரையே வச்சாங்க. எட்டு மாசம். ஊர்ல மிச்சமிருந்த எல்லாரையும் வேலிக்குள்ள அடைச்சு வச்சிருந்தானுங்கல்ல, அங்க பசியில போயிட்டா. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் வெளிய விடுவானுங்க. அதுக்குள்ள என் பொண்டாட்டி ஓடிப்போய் எல்லைச் செடியடியில புதைச்சா, நான் வந்தா அடையாளம் தெரியட்டும்னு. அவ மூஞ்சியை நான் பாத்ததில்ல.

கொடி ஏத்துன அன்னிக்கே உங்கப்பன்கிட்ட கேட்டேன், அந்த ஒரு முழ எடத்தைப் பேத்துக் குடு, ஒரு பிடி மண்ணு போட்டுக்கிறேன்னு. அதான் உஹுரு வந்துடுச்சே, பேசிக்கலாம்னு சிரிச்சான்.

நாற்காலி வேண்டாம்னு சொல்லு. கடப்பாறையை எடுக்கட்டும், வர்றேன்.