ஏழு அறை மாத்திரை டப்பா

படிவம் நிரப்புவதில் எனக்குக் கைராசி கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. 'குழந்தைகளுடன் பழகிய அனுபவம் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். 'நானே சில வருடங்கள் குழந்தையாக இருந்திருக்கிறேன்' என்று எழுதினேன். பொய்யில்லை. என் மனைவி, குழந்தைகள் வார்டில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்ததை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாள்.

கடல் தாண்டிய ஒரு நாட்டில் குழந்தைகள் இல்லம். நாற்பது பிள்ளைகள். ஒரு வருடம் தங்கித் தொண்டு செய்ய ஆள் தேடினார்கள். தம்பதியாகவும் வரலாம் என்று போட்டிருந்தது. யோசனை என்னுடையது. அவளைக் கேட்டால் வேறு சொல்வாள், சொல்ல முடிந்தால்.

நேர்காணல் கணினியில். திரையில் ஓர் அம்மாள், எனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டாள். பஸ் பணிமனையில் மெக்கானிக், ஒருமுறை பிரேக் போன பஸ்ஸை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் படுத்துச் சரிசெய்தேன் என்றேன்.

"ஓடும்போதேவா?"

"மெதுவாத்தாம்மா ஓடுச்சு."

ஒரே வாரத்தில் பதில் வந்தது. அவளுக்கு இடம் உண்டு. எனக்கு நன்றி உண்டு.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று மனைவி சிரித்தாள்.

"சரி விடு. அப்ப ரெண்டு பேருமே போகல."

"நான் எதுக்குங்க போகாம இருக்கணும்? ஒரு வருஷந்தானே. சமைக்கக் கத்துக்கோங்க. ஓடுற பஸ்ஸையே ரிப்பேர் பண்ணின ஆளு, அடுப்பு பத்தவைக்க மாட்டீங்களா?"

நாற்பத்திரண்டு வருடம், ஐயா. அவள் ஷிஃப்ட் முடிந்து வரட்டும் என்று காத்திருந்தே பாதி போயிற்று. ஓய்வுபெற்ற பிறகாவது என் முறை வரும் என்றிருந்தேன். நியாயம்தானே.

அவள் தயாரானாள். தடுப்பூசி போட்டுக்கொண்டாள். கூடத்தின் நடுவில் பெட்டியைத் திறந்து வைத்துக் குட்டிக் குட்டி ஸ்வெட்டராக அடுக்கினாள். பிள்ளைகளின் பெயரையும் சட்டை அளவையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். என் கண்ணாடி எங்கே என்று கேட்டால், "இருங்க, இந்தப் பொண்ணுக்கு ஆஸ்துமாவாம்" என்பாள். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டியதால் நான் பேப்பர் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பாக்கி இருந்தது மருத்துவச் சான்றிதழ் மட்டும். வாரம் ஒன்றாக மூன்று முறை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அவளுக்குப் பல வருடமாக மாத்திரையில்தான் கட்டுக்குள் நிற்கிறது. அதை எடுத்து வைப்பது என் வேலை. ஞாயிறுதோறும், நாளுக்கு ஓர் அறையாக ஏழு அறை டப்பாவை நிரப்புவேன். வார்டில் ஒவ்வொரு மாத்திரையையும் மூன்று தடவை சரிபார்த்தவள், நான் வைத்ததை ஒருநாளும் பார்த்ததில்லை. "அங்க பாத்தது போதாதா, வீட்லயுமா?" என்று அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள்.

அவள் மாத்திரை வெள்ளை, வட்டம். என் கால்சியம் மாத்திரையும் அப்படியே. மாற்றி வைத்தேன். விஷமா வைத்தேன்? எலும்புக்கு நல்லது.

முதல் வாரம் அழுத்தம் ஏறியது. இரண்டாம் வாரம் இன்னும் ஏறியது. ஒன்றை இரண்டாக்கச் சொன்னார் டாக்டர். நானும் இரண்டாக்கினேன். மூன்றாம் வாரமும் ஏறியதும், முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் இல்லத்துக்காரர்கள் விட்டால்தானே. எனக்கு ஒரே வாரத்தில் கும்பிடு போட்டவர்கள், அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். 'உடம்பைத் தேற்றிக்கொண்டு நிதானமாக வாருங்கள், காத்திருக்கிறோம்.' எரிச்சலில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் அப்போதே வேண்டாம் என்றிருந்தால் நான் அப்போதே நிறுத்தியிருப்பேன். அந்த இரண்டு மாதமும் என்னை டப்பா நிரப்பவைத்தது அவர்கள்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தலை வலிக்கிறது என்றாள். கண் மங்குகிறது என்றாள். "ரெண்டு மாத்திரைக்கும் கேக்கலையே. எனக்குப் பயமா இருக்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளாகக் கை பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

ஒரு காலை, பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுமுன் டப்பாவில் சரியான மாத்திரைகளை வைக்க வேண்டியிருந்தது. வருகிறவர்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள். ஒவ்வோர் அறையாகக் கொட்டி மாற்றி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வைக்காமல் எடுத்த மாத்திரைகளை எறிய மனம் வரவில்லை. மெக்கானிக் புத்தி, நல்ல பொருளை வீசத் தெரியாது. திருகாணி போடும் தகர டப்பாவில் போட்டு வைத்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த எங்கள் மகள், கட்டிலை முடுக்கத் திருகாணி தேடியபோது அவள் கையில் அகப்பட்டது.

"என்னப்பா இது?" என்றாள். என் பதிலைக்கூடக் கேட்காமல் உங்களுக்கு போன் செய்துவிட்டாள்.

பதில் இதுதான். ஆமாம், நான்தான் மாற்றினேன். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, தெரிந்தே மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், சீக்கிரம் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அவளுக்குச் சாப்பாட்டு நேரம். பேச்சு வராது, வலது கை வராது. இடது கை மட்டும் வரும். மகள் ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். நான் கரண்டியைக் கொண்டுபோனால் அந்தக் கையால் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் என்னிடம் அவ்வளவு வெட்கம்.