இன்னொரு நண்டு

2003 டிசம்பர் 9, வட ஜப்பானின் நெமுரோ. கடலாய்வு நிலையத்தின் சாப்பாட்டு அறையில் அன்று மதியம் அரச நண்டு போட்ட மிசோ சூப்.

நான் கூடோ, அங்கே பேராசிரியர், மாணவர்களுக்குச் சென்செய். எதிரே என் ஆய்வு மாணவி மினோவா சயோ. பக்கத்தில் எங்கள் படகின் கேப்டன் தொகாஷி.

"சென்செய், நீங்க கடிக்கிறது ராஜா இல்ல. வீட்டைத் தொலைச்ச துறவி," என்றாள் சயோ.

"அடப்பாவமே. அப்ப இத்தனை வருஷமா ஓட்டாண்டியையா ராஜா வெலைக்கு வித்தோம்?" என்றார் தொகாஷி.

நானும் சிரித்தேன்.

துறவி நண்டு காலிச் சங்குக்குள் குடியிருப்பது. சங்கின் சுருளுக்கு ஏற்ப அதன் மெத்தென்ற வயிறு ஒரு பக்கமாக முறுக்கியிருக்கும். சங்கே இல்லாத அரச நண்டிலும் பெண்ணின் வயிறு அதே கோணல். ஆகவே அரச நண்டு, சங்கை விட்டு வெளியேறிய துறவியின் வாரிசு என்பது சயோவின் கட்சி. நான் நேர்மாறாக எழுதி வந்தவன். அரச நண்டுதான் மூத்தது, துறவி அதிலிருந்து பிரிந்து நலிந்தது என்பேன். என் பெயர் நின்றதே அதன்மேல்தான்.

ஆழ்கடலிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த சிறு நண்டுகள் துறவிக்கும் அரச நண்டுக்கும் இடைப்பட்டவையாக இருந்தன. மரபணுவைப் படித்தால் வழக்கு தீர்ந்துவிடும். அதற்காக அவற்றை ஆல்கஹாலில் வைத்திருந்தாள். நான் அதைக் கொட்டிவிட்டு ஃபார்மலின் ஊற்றினேன். ஃபார்மலின் உடலைக் கெடுக்காது. மரபணுவை மட்டும் படிக்க முடியாதபடி செய்துவிடும். ஆகவே நான் எதையும் அழிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சோதனை திரும்பத் திரும்பத் தோற்றபின் அவள் ஜாடியை முகர்ந்து பார்த்தாள்.

"நான்தான் பாட்டில மாத்தி எடுத்திருக்கேன் சென்செய். என்னைச் செருப்பால அடிக்கணும்."

"யாருக்கும் நடக்கிறதுதான்," என்றேன்.

ஜனவரியில் மறுபடி கடலுக்குக் கிளம்பினாள். தொகாஷிக்கு மனமில்லை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணு நின்னுரும்," என்றார். அவள் ஆய்வு, அவள் முடிவு என்றேன்.

அன்று மதியம் படகிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டாள்.

"கெடைச்சிருச்சு சென்செய். ஒண்ணுதான், ஆனா முட்டையோட இருக்கு. காத்து ஏறுது, தளமெல்லாம் ஐஸ் பிடிக்குது. திரும்பலாம்னு கேப்டன் கத்துறார். ஒண்ணு போதும்ல?"

மரபணுவுக்கு ஒன்றே போதும்.

"ஒண்ண வச்சுச் சொன்னா எவன் நம்புவான்? இன்னொரு தடவை வலைய எறக்கு," என்றேன்.

மேலே பனி ஏறினால் படகு கவிழும் என்பது இந்தக் கரையில் எல்லோரும் அறிந்தது. அவள் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த நண்டு கரைக்கு வரக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போது தோன்றியது.

படகு வரவில்லை. தொகாஷியின் உடல் ஒதுங்கியது. அவள் உடல் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது அந்த ரேடியோ பேச்சைப் பற்றி மட்டும்தான். மீதியையும் எழுதிக்கொள்ளுங்கள். அரச நண்டின் கடைசிக் கால்கள் மிகச் சிறியவை, ஓட்டுக்குள் மடங்கிக் கிடக்கும், வெளியே தெரியாது. ஃபார்மலின் ஊற்றும் முன் அவள் நண்டு ஒன்றிலிருந்து அப்படி ஒரு காலை எடுத்து உறைபெட்டியில் வைத்தேன். எல்லாவற்றையும் வீணாக்க ஆய்வாளனுக்குக் கை வராது. அவளுக்கு வேண்டியது என் அறையிலேயே இருந்தது.

வசந்தத்தில் அந்தக் காலின் மரபணுவைப் படித்தேன். துறவிகளின் கிளைக்குள்தான் போய் உட்கார்ந்தது. கட்டுரை எழுதினேன். சொந்தக் கருத்தையே திருத்திக்கொண்ட நேர்மை என்று பாராட்டினார்கள். அதன்பின் தூக்கம் போய்விட்டது.

அவளுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிறு நண்டு புதிய இனம், அதற்கு அவள் பெயரைத்தான் வைத்தேன். கட்டுரையில் என் பெயர் மட்டும் இருக்கிறது.