சரோஜம்மாவின் டிபன் பை

ஆன்லைனில் எடுத்த சிபிஆர் முதலுதவிச் சான்றிதழ் வேலைக்குச் செல்லுபடியாகுமா என்று கேட்டவர்கள் எல்லோரிடமும் நான் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன், ஐயா. சாதாரண ஆபீஸ் வேலைக்குச் செல்லுபடியாகலாம். குழந்தைகள் காப்பகம், நீச்சல் குளம், ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் செல்லாது. போனில் பாடம் பார்த்துத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்ட வேண்டும், பரிசோதகர் அதை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாடம் நடத்தும் கம்பெனிக்குத் தங்கவயலில் அந்தப் பரிசோதகர் நான்தான்.

சுரங்கம் மூடும்வரை அங்கே முதலுதவிப் பிரிவில் இருந்தேன். ஒருமுறை சுரங்க லிப்டான கேஜிலிருந்து இறங்கிய ஏசுபாதத்துக்கு இதயம் நின்றுபோனது. பதினெட்டு நிமிடம் அமுக்கினேன். விலா எலும்பு இரண்டு முறிந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார். இப்போதும் ஊரிகத்தில் என்னைக் கண்டால், “எலும்ப ஒடச்சவரு வராரு, வழி வுடுங்கப்பா” என்பார். அதனால், எவ்வளவு ஆழம் அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

பொம்மையின் நெஞ்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இரண்டு வருடத்துக்கு முன் உடைந்தது. கம்பெனிக்கு எழுதினேன். அனுப்புகிறோம் என்றார்கள். ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். விடியற்காலை பெங்களூர் ரயில் பிடித்துப் போய், இருட்டிய பிறகு வீடு வந்து சேருகிறவர்கள். நானும் அதே ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். எங்கள் பெட்டியில் கீரை ஆய்வார்கள், ஜெபம் பண்ணுவார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள். செய்முறைத் தேர்வையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

பொம்மைக்குப் பதில் சரோஜம்மாவின் பை. கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை பார்ப்பவர். மற்றவர்கள் பையில் லேப்டாப் இருக்கும். அவர் பையில் டிபன் டப்பா, அதன் மேல் மடித்து வைத்த ஸ்வெட்டர். அமுக்க மெத்தென்று இருக்கும்.

எங்கள் பெட்டியில் வரும் நளினி அமுக்கிய நாள் நினைவிருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும் என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.

“மெதுவா அமுக்குடி, மூடி தெறந்துக்கும்,” என்றார் சரோஜம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னா பர்னபாஸ் சார், என் கொழம்புக்கு உசுரு குடுக்குறீங்களா?” என்றார்.

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். நளினி மெதுவாக அமுக்கினாள். முப்பது எண்ணி முடித்ததும் கையெழுத்துப் போட்டேன்.

எல்லோருமே அந்தப் பையில் மெதுவாகத்தான் அமுக்கினார்கள். குழம்பு ஒருநாளும் கொட்டியதில்லை.

ஜனவரியில், ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சரோஜம்மா விழுந்தார். மூச்சு இல்லை. யாரோ ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்கள். “நளினி, நீ சர்டிபிகேட்டு வாங்கினவதான, வா!” என்று கூப்பிட்டார்கள். அவள் ஓடி வந்து மண்டியிட்டாள். கையை வைத்த இடம் சரி. வேகமும் சரி. இரண்டு அங்குலம் இறங்க வேண்டிய நெஞ்சு மட்டும் அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ரயிலில் ஸ்வெட்டரின் மேல், டப்பா மூடி திறந்துகொள்ளாதபடி அமுக்கிய மாதிரியே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

அவளை விலக்கிவிட்டு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் பதினொரு பேர் என்னிடம் கையெழுத்து வாங்கியவர்கள். நான் அமுக்கியிருந்தால் எலும்பு முறியும் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். அமுக்குவதில் இரண்டு விதம் உண்டு என்று தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கும் அங்கேயே தெரிந்திருக்கும். அது அவளுக்குப் பெரிய அவமானம்.

நளினி நிமிர்ந்து பார்த்தாள். “சார், சரியா பண்றனா?”

“சரியாத்தாம்மா பண்ற. அப்படியே பண்ணு.”

ஒருமுறை இருபத்தேழுக்குப் பிறகு எண்ணிக்கை தவறினாள். அதை மட்டும் திருத்தினேன். ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. குளிராக இருந்ததால் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நளினி என் வீட்டுக்கு வந்தாள். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டாள். “நீ ஒண்ணும் வுட்டுவெக்கல, அவங்க நேரம் வந்துடுச்சி,” என்றேன். அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனாள். இப்போது காப்பகத்தில் புதிதாகச் சேரும் ஆயாக்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். குழந்தைகளுக்கு இன்னும் மென்மையாக அமுக்கச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

சரோஜம்மாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். காப்பகத்திலிருந்து உங்களுக்கு அனுப்பியது நளினியின் சான்றிதழ். அது செல்லுமா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் கையெழுத்துப் போட்ட நாளில் செல்லாது. அவள் அன்று அமுக்கியது ஒரு டிபன் பையை. ஆனால் ஒரு நெஞ்சின் மேல் கை வைத்து அவள் அமுக்குவதைப் பரிசோதகர் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதுதானே விதி. அதைப் பிறகு நான் நிறைவேற்றிவிட்டேன், ஐயா. பக்கத்திலேயே நின்று, இருபத்திரண்டு நிமிடமும் பார்த்தேன்.